லிப்ரா, சேக்கல், தாலந்து: கிராமுக்கு மாற்ற எந்த எண்ணை எடுப்பது?

இயேசுவின் உடலை அடக்கம் செய்ய நிக்கோதேமு வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து ஏறக்குறைய நூறு இராத்தல் கொண்டுவந்தார் என்கிறது யோவான் நற்செய்தியின் 19ஆம் அதிகாரம். அது எத்தனை கிலோ? நம் ஊரில் ஆங்கிலேயர் காலத்திலிருந்து புழங்கிய இராத்தல் 453.6 கிராம். அதால் பெருக்கினால் 45 கிலோவுக்கு மேல் வரும். ஆனால் யோவான் எழுதிய அளவு லித்ரா, அதாவது ரோமானிய லிப்ரா. அதால் பெருக்கினால் 32 அல்லது 33 கிலோ. 32ஆ 33ஆ என்று அறிஞர்கள் இருநூறு வருடமாக மல்லுக்கட்டுகிறார்கள். 45ஆ 33ஆ என்று யாரும் சண்டை போடுவதில்லை, அதில் சண்டைக்கு இடமே இல்லை. ஆனால் பிரசங்கக் குறிப்புகளிலும் ஞாயிறு பள்ளிப் பாடங்களிலும் தவறு நடப்பது அந்த இடத்தில்தான்.

லூக்கா 19இல் வரும் பத்து ராத்தல் திரவியத்தையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே மூலத்தில் இருப்பது மினா. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல், ஆனால் ஒன்று எடை, மற்றொன்று பணம். எனவே இந்த வேலையில் இறங்குபவர் இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டும். முதலில், இது யாருடைய எடைக்கல், எந்தக் காலத்தது. அப்புறம்தான் எத்தனை கிராம், எத்தனை தசமம். பெரும்பாலானவர்கள் இரண்டாவதில் மெனக்கெட்டு முதலாவதைக் கோட்டைவிடுகிறார்கள்.

இருந்தாலும் ரோமில் தொடங்குகிறேன். அங்கே முதல் கேள்வி ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்பதால், இரண்டாவது கேள்வியின் பருமன் என்ன என்று தெளிவாகத் தெரியும்.

ரோமானிய லிப்ரா: 327.45, 324, 322.8

லிப்ராவின் உள்கணக்கில் குழப்பம் இல்லை. ஒரு லிப்ரா 12 உன்சியா, ஒரு உன்சியா 24 ஸ்க்ருபுலம், ஆக 288 ஸ்க்ருபுலம். அதையும் நுணுக்கினால் 1,728 சிலிக்வா. இந்த ஏணியைக் கிராமில் எங்கே ஊன்றுவது என்பதுதான் கேள்வி. புத்தகங்களிலும் கணிப்பான்களிலும் திரும்பத் திரும்ப வரும் எண்கள் மூன்று. 327.45 என்பது ஜெர்மன் அறிஞர் ஔகுஸ்ட் பெக் 1838இல் பொற்காசுகளின் எடையிலிருந்து கணக்கிட்டு நிலைநாட்டியது. கலைக்களஞ்சியங்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். 324 என்பது ரோமானியக் குடியரசுக் கால நாணயங்களைத் தொகுத்த மைக்கேல் கிராஃபோர்ட் 1974இல் எடுத்துக்கொண்ட தோராயம். 322.8 பேரரசுக் காலப் பொற்காசுகளை நிறுத்துப் பார்த்த நாணயவியலாளர்கள் சிலர் சொல்வது.

மூன்றுக்கும் அடிப்படையான காசு வழி எளிமையானது. ஒரு லிப்ரா பொன்னில் எத்தனை காசு அடிப்பது என்று சட்டம் சொல்லும். ரோமானிய எழுத்தாளர் பிளினியின் கணக்கில் ஔரியஸ் என்ற பொற்காசு முதலில் லிப்ராவுக்கு 40, நீரோ காலத்தில் 45. கான்ஸ்டன்டைனின் பொற்காசான சாலிடஸ் லிப்ராவுக்கு 72. நல்ல நிலையில் கிடைத்த காசுகளை நிறுத்து, 45ஆலோ 72ஆலோ பெருக்கினால் லிப்ரா வந்துவிடும். 4.5 கிராம் சாலிடஸை 72ஆல் பெருக்கினால் 324. அதே காசு 4.55 கிராம் என்று எடுத்தால் 327.6. இரண்டு மூன்று அரிசி எடைதான் வரும் வித்தியாசம் 72 மடங்காகப் பெருகி நம் முன் நிற்கிறது.

இந்த வழிக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு. காசின் எடை தேய்ந்து குறையும், ஏறாது. அக்கசாலையும் சட்டம் சொன்னதைவிடக் கொஞ்சம் குறைத்து அடிக்கும், கூட்டி அடிக்காது. எனவே காசு காட்டும் லிப்ரா எப்போதும் கீழ் எல்லை. 327.45ஐ விடாமல் பிடித்திருப்பவர்களின் வாதம் இதுதான். எதிர்த்தரப்போ, பொற்காசை அவ்வளவு அலட்சியமாக அடித்திருக்க மாட்டார்கள் என்கிறது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

காசு எடை என்றதும் இலங்கை நினைவுக்கு வருகிறது. கிளாடியஸ் காலத்தில் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு அங்கே கரையொதுங்கிய ரோமானியர் ஒருவரிடமிருந்த தெனாரியஸ் வெள்ளிக்காசுகளைப் பார்த்து அந்நாட்டு அரசன் வியந்தானாம். காசுகளில் முகங்கள் வேறு வேறு, ஆகவே வேறு வேறு ஆட்களால் அடிக்கப்பட்டவை, ஆனால் எடை எல்லாம் ஒன்றாக இருந்தது என்பதே வியப்புக்குக் காரணம் என்று பிளினி எழுதுகிறார். அப்போது லிப்ராவுக்கு 84 தெனாரியஸ். சில ஆண்டுகளிலேயே நீரோ அதை 96 ஆக்கிவிட்டார். காசு ஏறக்குறைய 3.9 கிராமிலிருந்து 3.4க்கு இறங்கியது. எந்த ஆண்டுத் தெனாரியஸ் என்று கேட்காமல் பெருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே போதும்: முந்தைய காசை எடுத்து 96ஆல் பெருக்கினால் லிப்ரா 374 கிராம் ஆகிவிடும்.

இரண்டாவது வழி, எடைக்கற்களையே நிறுப்பது. ரோமானிய எடைக்கற்கள் நிறையவே கிடைத்திருக்கின்றன. நகர ஆட்சியர் யூனியஸ் ருஸ்டிகஸ் பெயரில் சரிபார்த்து முத்திரையிட்ட 2ஆம் நூற்றாண்டுக் கற்கள் கூட உண்டு. ஆனால் கல் சில்லுப் பெயரும், வெண்கலம் பாசி பிடித்துக் கூடவும் செய்யும் குறையவும் செய்யும். சந்தைக் கல்லில் ஒரு சதவீதம் முன்பின் இருந்தால் அந்தக் காலத்துத் தராசில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆகவே கற்களை வைத்து 327ஆ 323ஆ என்று தீர்க்க முடியாது.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. ஒரு குவாட்ரன்டால் மது 80 லிப்ரா எடை இருக்க வேண்டும் என்று ரோமின் பழைய சிலியச் சட்டம் சொல்கிறது. குவாட்ரன்டால் என்பது ஒவ்வொரு பக்கமும் ஒரு ரோமானிய அடி உள்ள கனசதுரம். ரோமானிய அடி வழக்கமாக 29.6 சென்டிமீட்டர் என்று எடுக்கப்படுகிறது. கன அளவு 25.93 லிட்டர். தண்ணீர் எடையாகக் கொண்டு 80ஆல் வகுத்தால் 324.2 கிராம். ஆஹா, 324 நிரூபணமாகிவிட்டது என்று தோன்றும். அடியை ஒரு மில்லிமீட்டர் கூட்டி 29.7 என்று வையுங்கள்: 327.5 கிராம்! ஒரே ஒரு மில்லிமீட்டரில் பெக்கின் எண்ணுக்கே வந்து நிற்கிறோம். மறுபடி 29.6க்கு வந்து, நிரப்பியது தண்ணீர் அல்ல, தண்ணீரைவிடச் சற்று இலேசான மது என்று நினைத்தால் 321க்குப் பக்கத்தில் இறங்குகிறது. ஆக, இந்த வழி மூன்று எண்களுக்குமே சாட்சி சொல்லும்.

சரி, இந்தச் சண்டையின் மொத்தப் பருமன் என்ன? 322.8க்கும் 327.45க்கும் இடையே 1.4 சதவீதம். நிக்கோதேமுவின் நூறு லித்ராவுக்கு 32.3 கிலோ அல்லது 32.7 கிலோ. கி.பி. 301இல் டயோக்ளீஷியன் போட்ட விலை ஆணையில் பன்றி இறைச்சி லிப்ராவுக்கு 12 தெனாரியஸ். கிலோவுக்கு மாற்றினால் 37.2 அல்லது 36.6. இரண்டையும் 37 என்று எழுதிவிட்டுப் போகலாம்.

எண் பெரிதானால் வித்தியாசமும் பயமுறுத்தும். கி.மு. 188இல் அபமேயா உடன்படிக்கையில் சிரியாவை ஆண்ட மூன்றாம் அந்தியோகஸ் ரோமுக்கு 12,000 ஆட்டிக் (ஏதென்ஸ் வழக்கு) தாலந்து வெள்ளி கட்ட ஒப்புக்கொண்டான். ஒவ்வொரு தாலந்தும் 80 ரோமானிய லிப்ராவுக்குக் குறையக் கூடாது என்று உடன்படிக்கையிலேயே எழுதி வாங்கினார்கள். 9,60,000 லிப்ரா. ஒரு எண்ணில் 314 டன், மற்றதில் 310 டன். நான்கு டன்னுக்கு மேல் வெள்ளி காணாமல் போகிறதே என்று பதற வேண்டாம், சதவீதம் அதே 1.4தான். "சுமார் 310 டன்" என்று எழுதினால் எவரும் குறை சொல்ல முடியாது.

என் தேர்வு இப்படி. பொது வாசகருக்கான அடிக்குறிப்பு, மொழிபெயர்ப்பு, பாடநூல் எதுவானாலும் லிப்ரா சுமார் 325 கிராம். பழைய மருத்துவ நூல்களின் அளவுகளையோ ஏற்கெனவே 327.45 வைத்துப் போட்ட அட்டவணைகளையோ ஒப்பிட வேண்டியிருந்தால் 327.45ஐயே எடுங்கள். அது சரி என்பதால் அல்ல, ஒப்பீடு குலையாமல் இருக்க. நாணயம் பற்றி எழுதினால் 324. பைசாந்தியப் பிற்காலத்துக்கு லிப்ரா இன்னும் இறங்கி 320 அளவுக்கு வந்துவிட்டது என்பதை மறக்க வேண்டாம். கூடாதது ஒன்றுதான்: "327.45 கிராம்" என்று இரண்டு தசமத்தோடு எழுதி, அது அளந்து கண்ட உண்மை போலக் காட்டுவது.

சேக்கலில் தவறினால் கால் பங்கு போச்சு

விவிலியத்துக்கு வந்தால் நிலைமை தலைகீழ். இங்கே தசமத்தைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லை. எபிரெயரின் அடிப்படை எடை சேக்கல், அதில் எந்தச் சேக்கல் என்பதே கேள்வி. கையில் இருக்கும் தேர்வுகள் முக்கியமாக மூன்று: யூதா நாட்டுக் கல் 11.33 கிராம், தீரு நகர வெள்ளிக்காசு 14 கிராம், பாபிலோனியச் சேக்கல் 8.4 கிராம்.

முதலாவதற்கு ஆதாரம் மண்ணுக்கடியிலிருந்து வந்தது. கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டு யூதாவில் குவிமாட வடிவில் செதுக்கிய சின்னச் சின்னச் சுண்ணாம்புக்கல் எடைகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. மேலே ஒரு சுருக்குப் போன்ற சேக்கல் குறியும் ஒரு எண்ணும் வெட்டியிருக்கும். தொல்லியலாளர் ராஸ் கிளெட்டர் இவற்றைத் தொகுத்து ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார். அவர் கண்ட சேக்கல் 11.33 கிராம். இதற்குத் தனியாக ஒரு குறுக்குச் சோதனையும் இருக்கிறது. 8 சேக்கல் கல்லில் வெட்டியிருப்பது எகிப்திய எழுத்தில் 10 என்ற எண், 4 சேக்கல் கல்லில் 5. காரணம், 8 சேக்கல் சேர்ந்தால் எகிப்தின் 10 கெதெத், அதாவது ஒரு தெபென், சுமார் 91 கிராம். 8 × 11.33 = 90.6. இரண்டு நாட்டு வணிகமும் ஒரே கல்லில் பொருந்தி வருகிறது. விவிலிய எடைகளில் இவ்வளவு உறுதியான தரை வேறெங்கும் கிடையாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு விவிலிய அகராதிகளின் அட்டவணைகளை நான் தள்ளிவைப்பதும் இதனால்தான். அவை போடப்பட்டபோது இந்தக் கற்கள் பெரும்பாலும் மண்ணுக்குள் இருந்தன. 1 சாமுவேல் 13:21இல் வரும் "பிம்" ஒரு எடை என்பதே அதே பெயர் வெட்டிய கற்கள் கிடைத்த பிறகுதான் புரிந்தது. அதுவரை அரம் என்று ஊகித்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அட்டவணைகளில் சேக்கல் 14, 16 கிராம் என்றெல்லாம் வருவது பிற்காலக் காசுகளையும் பாபிலோனியக் கனத்த சேக்கலையும் பின்னோக்கித் திணித்ததன் விளைவு. இணையத்தில் உலவும் இலவசக் கணிப்பான்கள் சில இன்றும் அதே அட்டவணைகளிலிருந்து எடுத்தவை. அவற்றைச் சோதிக்க எளிய வழி, 3,000 சேக்கல் கொடுத்துப் பார்ப்பது. 34 கிலோவுக்குப் பக்கத்தில் வந்தால் அது யூதா நாட்டுக் கணக்கு. 42 வந்தால் தீரு. 48ஐத் தாண்டினால் மூடிவிடுங்கள்.

தீரு சேக்கல் தவறான எண் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் இடம் வேறு. கி.மு. 126 வாக்கில் தொடங்கி கி.பி. 1ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரை அடித்த நல்ல வெள்ளிக்காசு அது. எருசலேம் ஆலய வரியைக் கட்ட இதைத்தான் வாங்கினார்கள். மத்தேயு 17இல் மீனின் வாயில் கிடைக்கும் காசு இருவருக்கான வரிக்குச் சரியாக இருப்பதால், அது பெரும்பாலும் இந்த 14 கிராம் காசு. யாத்திராகமத்தில் அரைச் சேக்கல் வரி என்றால் 5.7 கிராம் வெள்ளி, மத்தேயுவில் அதே அரைச் சேக்கல் வரி என்றால் 7 கிராம்.

முப்பது வெள்ளிக்காசில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். அடிமையை மாடு முட்டிக் கொன்றால் எஜமானுக்கு முப்பது சேக்கல் என்கிறது யாத்திராகமம் 21:32. யூதா நாட்டுக் கல்லில் அது 340 கிராம் வெள்ளி. யூதாஸ் வாங்கிய முப்பது காசு தீரு சேக்கலாக இருந்தால் 420 கிராம். இரண்டு இடங்களையும் இணைத்துப் பேசுவது பிரசங்கிகளின் வழக்கம். பேசட்டும், எண்ணிக்கை ஒன்றுதானே. ஆனால் இரண்டுக்கும் ஒரே கிராம் கணக்கைப் போடக் கூடாது.

கோலியாத்தின் கவசம் 5,000 சேக்கல் வெண்கலம். 11.33இல் 57 கிலோ, தீரு கணக்கில் 70. ஈட்டி முனை 600 சேக்கல் இரும்பு, 6.8 கிலோ. சிமென்ட் மூட்டை ஒன்றுக்கு மேலேயே கொஞ்சம் சுமந்துகொண்டு நின்றான் என்று குழந்தைகளிடம் சொல்லலாம். 70 என்று கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, 57 போதாதா?

கற்களிலும் ஒரு முரண்டு உண்டு. "பெக்கா" என்று பெயர் வெட்டிய அரைச் சேக்கல் கற்கள் 5.67 இருக்க வேண்டும், ஆனால் பொதுவாக 6 கிராமையொட்டி, சில அதற்கு மேலும் இருக்கின்றன. எருசலேமில் அகழ்ந்த மண்ணைச் சலித்தபோது 2018இல் கிடைத்த பெக்கா கல்லில் எழுத்தே கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி வெட்டப்பட்டிருந்தது. முத்திரை வெட்டிப் பழகிய கை போலிருக்கிறது. இப்படிப்பட்ட கைகள் செதுக்கிய எடைகளுக்கு இரண்டு தசமம் அதிகம். ரெபெக்காளுக்குக் கொடுத்த பொன் வளையம் அரைச் சேக்கல் என்றால் "சுமார் 6 கிராம்" என்பதே போதும்.

தாலந்து: பெருக்கல் வாய்ப்பாட்டை விவிலியமே தருகிறது

யாத்திராகமம் 38ஆம் அதிகாரம் கணக்கு விரும்பிகளுக்கு ஒரு விருந்து. 6,03,550 பேர் ஆளுக்கு அரைச் சேக்கல் கொடுத்தார்கள். அப்படியானால் 3,01,775 சேக்கல். அதைத்தான் 100 தாலந்தும் 1,775 சேக்கலும் என்று அதே இடத்தில் எழுதியிருக்கிறது. 3,01,775இல் 1,775 கழித்து 100ஆல் வகுத்தால் ஒரு தாலந்து 3,000 சேக்கல். யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. 11.33ஆல் பெருக்கினால் தாலந்து 34 கிலோ. ஆசரிப்புக் கூடாரத்துப் பொன் 29 தாலந்து 730 சேக்கல் என்பது 994 கிலோ, வெள்ளி 3.4 டன். இன்றைய ஆங்கில விவிலியப் பதிப்புகள் பலவற்றின் பின்னிணைப்பும் தாலந்துக்கு 34 கிலோதான் சொல்கிறது.

இடையில் நிற்கும் மினாதான் பிடிகொடுக்காது. 3,000 சேக்கல் தாலந்தை 60ஆல் வகுத்தால் மினா 50 சேக்கல், 570 கிராம் அளவு. எசேக்கியேல் 45:12இல் 20, 25, 15 சேக்கல்கள் சேர்ந்து ஒரு மினா, அதாவது 60. சாலொமோனின் பொற்கேடயங்களைப் பற்றி 1 இராஜாக்கள் 10:17 மூன்று மினா என்கிறது, அதே கேடயத்தை 2 நாளாகமம் 9:16 முந்நூறு சேக்கல் என்கிறது. அப்படியானால் மினா 100 சேக்கல்! 50, 60, 100. இங்கே ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து எல்லா இடத்திலும் ஒட்டுவது நேர்மையாகாது. சேக்கலில் எழுதிய இடம் கிடைத்தால் அதிலிருந்து கணக்கிடுங்கள். கேடயத்துக்கு 300 சேக்கல், 3.4 கிலோ. எசேக்கியேலுக்கு 60 சேக்கல், ஏனென்றால் அவரே சொல்லிவிட்டார்.

இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்: மூல ஆசிரியர் தானே மாற்றிக் காட்டியிருந்தால் நம் அட்டவணையை மூடிவிட வேண்டும். ரோமானியத் தளபதி கிராசஸ் எருசலேம் ஆலயத்தில் எடுத்த பொன் உத்தரம் 300 மினா என்று எழுதும் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், எங்கள் மினா இரண்டரை லித்ரா எடை என்றும் சேர்த்துச் சொல்கிறார். 750 லித்ரா, 244 கிலோ. அட்டவணையைப் பார்த்து 570 கிராமால் பெருக்கியிருந்தால் 171 கிலோதான் வந்திருக்கும். ஆனால் இதே யோசேபஸ், ஆசரிப்புக் கூடாரத்துக் குத்துவிளக்கின் எடையைச் சொல்லும்போது தாலந்து 100 மினா என்கிறார். இரண்டு வாக்கியங்களையும் ஒட்டவைத்தால் தாலந்து 81 கிலோ ஆகிவிடும். ஆசிரியர் சொன்ன இடத்துக்கு மட்டுமே அவர் சொன்ன மாற்று. அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த அதிகாரத்துக்குப் போகக் கூடாது.

அந்நிய அரசன் வாங்கும் கப்பம் வேறு வகை. கி.மு. 701இல் எசேக்கியா ராஜா அசீரிய அரசன் சனகெரிபுக்கு 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கொடுத்தான் என்கிறது 2 இராஜாக்கள் 18:14. சனகெரிபின் சாசனம் 30 தாலந்து பொன், 800 தாலந்து வெள்ளி என்கிறது. மெசபதோமியத் தாலந்து 30 கிலோ, யூதா தாலந்து 34. எடை வேறுபாட்டால் 300ஐயும் 800ஐயும் சமன்செய்யலாமே என்று ஒரு சபலம் வரும். வரக் கூடாது. 34க்கும் 30க்கும் விகிதம் 1.13, வெள்ளிக் கணக்கிலோ 2.67. தவிர, எடைதான் காரணம் என்றால் பொன்னும் மாறியிருக்க வேண்டும், அது இரண்டு பக்கமும் 30ஆகவே நிற்கிறது. இங்கே மெட்ரிக் மாற்றத்தால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. பொன் 0.9 முதல் 1 டன் வரை என்று எழுதிவிட்டு வெள்ளியை வரலாற்றாசிரியர்களிடம் விட்டுவிடலாம்.

எடையா, பணமா?

மத்தேயு 18இல் ஊழியக்காரன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. 34 கிலோவால் பெருக்கி 340 டன் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். எதில் 340 டன்? வெள்ளியா பொன்னா என்று வசனம் சொல்லவில்லை, ஏனென்றால் அது பேசுவது எடையை அல்ல. கிரேக்கப் பணக்கணக்கில் தாலந்து 6,000 திராக்மா. திராக்மாவைத் தெனாரியஸுக்குச் சமமாகக் கொண்டால் ஆறு கோடித் தெனாரியஸ். அதே நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டக்காரன் ஒரு நாள் கூலியாகக் கொடுப்பது ஒரு தெனாரியஸ். ஆறு கோடி நாள் கூலி. உவமையின் அடி இந்த எண்ணில்தான் விழுகிறது, 340 டன்னில் விழுவதில்லை. லூக்கா 19இன் மினாவும் இப்படியே: 100 திராக்மா, ஏறக்குறைய நூறு நாள் கூலி. கிராம் வேண்டாம்.

தாலந்து இரண்டு வேலையும் ஒரே தாளில் செய்வதைப் பார்க்க வேண்டுமானால் வியன்னாவில் இருக்கும் முசிறிப் பாப்பிரஸ் இருக்கிறது. சேரநாட்டு முசிறியிலிருந்து எர்மப்பொல்லோன் என்ற கப்பலில் போன சரக்கின் 2ஆம் நூற்றாண்டுக் கணக்கு அது. தந்தத்தின் எடை அதில் தாலந்திலும் மினாவிலும் இருக்கும், அதன் விலையும் தாலந்தில்தான் இருக்கும். கங்கைப் பகுதி நளதம் என்ற வாசனைப் பொருள் 60 பெட்டி, பெட்டி 4,500 திராக்மா, மொத்தம் 45 தாலந்து. 60ஐ 4,500ஆல் பெருக்கி 6,000ஆல் வகுத்தால் சரியாக 45. இந்த 45 தாலந்தைக் கிலோவாக்க முயல்வது எவ்வளவு அபத்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, இவை எகிப்தியத் திராக்மாக்கள். நான்கு சேர்ந்தால்தான் ஒரு தெனாரியஸ். மத்தேயுவின் தாலந்தோடு இதை நேராக ஒப்பிடவும் முடியாது. பெத்தானியாவில் மரியாள் ஊற்றிய நளத தைலம் இப்படி ஒரு கப்பலில் வந்திருக்கக்கூடிய சரக்குதான். அங்கே யோவான் சொல்வது எடை: ஒரு லித்ரா, சுமார் 325 கிராம். அதன் விலை முந்நூறு தெனாரியஸ். எடையைக் கிராமாக்கலாம், விலையை நாள் கூலியாக்கலாம், இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

நடைமுறைக்குச் சில தீர்மானங்கள்

மொழிபெயர்ப்பின் உடலில் பழைய அளவையே விட்டுவிட்டு, கிராமை அடிக்குறிப்புக்கு அனுப்புவதே நல்லது. வசனத்துக்குள்ளேயே "34 கிலோ பொன்" என்று எழுதினால், நாளைக்கு வேறொரு கல் கிடைத்தால் வசனத்தையே திருத்த வேண்டும். அதோடு "ஒரு தாலந்து" என்ற முழு எண்ணின் கம்பீரமும் போய்விடும். ஆனால் சிறுவர் பதிப்புக்கு இது பொருந்தாது. அங்கே அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை, கிலோவை உள்ளேயே எழுதலாம்.

விரிதாளில் கணக்குப் போடுபவர்கள் முழுமையாக்குவதைக் கடைசிப் படியில் மட்டும் செய்ய வேண்டும். சேக்கலை முதலிலேயே 11 என்று சுருக்கினால் தாலந்து 33 ஆகிவிடும், 12 என்றால் 36. ஒரே அட்டவணையில் சேக்கல் 11.5, தாலந்து 34 என்று ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதற்குக் காரணம் இதுதான்.

எதைத் தேர்வது என்று வசனமே காட்டாத இடங்களும் உண்டு. வெளிப்படுத்தின விசேஷம் 16:21இல் தாலந்து எடையுள்ள கல்மழை விழுகிறது. எழுதியவர் கிரேக்கத்தில் எழுதுகிறார், நினைப்பதோ எபிரெய வேதத்தை. ஆட்டிக் தாலந்து என்றால் 26 கிலோ, யூதா தாலந்து என்றால் 34. நான் "26 முதல் 34 கிலோ" என்றே குறிப்பு எழுதுவேன். தலையில் விழுந்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆதியாகமம் 33:19இல் யாக்கோபு நிலம் வாங்கக் கொடுத்த நூறு கெசிதா இன்னொரு வகை. யோசுவா 24:32இலும் யோபு 42:11இலும் அதே பெயர் வருகிறது. அதன் எடையைச் சொல்லும் வசனமும் இல்லை, பெயர் வெட்டிய கல்லும் இல்லை. சில அட்டவணைகள் அதற்கும் ஒரு கிராம் மதிப்பு போட்டுவைத்திருக்கின்றன. அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.